ஹைட்டி பிரான்ஸுக்குக் கட்டிய விடுதலைப் பணம்: ஒரே கடனுக்கு ஏன் ஆறு கணக்குகள்?

2025 ஏப்ரல் 17 அன்று பிரெஞ்சு அதிபர் இமானுவேல் மக்ரோன், பிரான்ஸும் ஹைட்டியும் சேர்ந்து நடத்தும் வரலாற்று ஆய்வு ஆணையம் ஒன்றை அறிவித்தார். சரியாக 200 ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில்தான், விடுதலைக்கு விலையாக ஹைட்டி 15 கோடி பிராங்க் கட்ட வேண்டும் என்று பிரெஞ்சு அரசர் பத்தாம் சார்லஸ் ஆணையிட்டிருந்தார்.

அறிவிப்பு வந்ததிலிருந்து இந்தக் கடனைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு தொகையைச் சொல்கிறார்கள். 15 கோடி பிராங்க், 9 கோடி, 11.2 கோடி என்பது ஒரு வரிசை. 56 கோடி டாலர், 2,100 கோடி, 11,500 கோடி என்பது இன்னொரு வரிசை. இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கு விடை, அவ்வளவுதான். எது எந்தக் கேள்விக்கு உரியது என்று பிரித்துப் பார்க்க, பணம் நடந்த வழியிலேயே நாமும் நடக்க வேண்டும். இன்னொன்றும் அப்போது தெரியும்: அரசர் விதித்த தொகையைவிட, அதைக் கட்டுவதற்காக வாங்கிய கடனும் அந்தக் கடனை அடைக்க வாங்கிய அடுத்தடுத்த கடன்களும்தான் நாட்டை நீண்ட காலம் பிடித்துவைத்தன.

சான் டொமாங்: பின்னணி சுருக்கமாக

கரீபியக் கடலில் உள்ள ஹிஸ்பானியோலா தீவின் மேற்குப் பகுதியை 1697இல் ஸ்பெயின் பிரான்ஸுக்கு விட்டுக்கொடுத்தது. பிரான்ஸ் வைத்த பெயர் சான் டொமாங். 1780களில் ஐரோப்பா பயன்படுத்திய சர்க்கரையில் ஐந்தில் இரண்டு பங்கும், காப்பியில் பாதிக்கு மேலும் இங்கிருந்து போயின. உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள், ஏறத்தாழ 5 லட்சம் பேர். வெள்ளையர் எண்ணிக்கை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1794இல் பாரிஸ் மன்றம் அடிமை முறையை ஒழித்தது. நெப்போலியன் 1802இல் அதைத் திரும்பக் கொண்டுவர முயன்று பெரும் படையை அனுப்பினார். கிளர்ச்சியாளர்களின் தலைவர் தூசான் லூவெர்த்தியூர் கைதாகி, 1803 ஏப்ரல் 7இல் பிரான்ஸின் ஃபோர் தெ ழூ கோட்டைச் சிறையில் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 18இல் வெர்த்தியேர் சண்டையில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1804 ஜனவரி 1இல் கொனாயீவ் நகரில், தூசானுக்குப் பின் படையை நடத்திய ழான்-ழாக் தெசலீன் விடுதலையை அறிவித்தார். சான் டொமாங் ஹைட்டி ஆயிற்று.

போரில் வென்றவர்கள் ஹைட்டியர்கள். தோற்ற நாடு 21 ஆண்டுகள் கழித்து வந்து வென்ற நாட்டிடம் இழப்பீடு கேட்டது. இதில்தான் இந்த விவகாரம் மற்ற போர் இழப்பீடுகளிலிருந்து வேறுபடுகிறது.

வென்றவர்கள் ஏன் பணம் கொடுக்க ஒப்பினார்கள்?

ஹைட்டியை 1825 வரை எந்தப் பெரிய நாடும் நாடாக ஏற்கவில்லை. அமெரிக்கா 1862இல்தான் ஏற்றது. தன் தென் மாநிலங்களில் அடிமைகளை வைத்துக்கொண்டு, அடிமைகள் அமைத்த அரசுக்குக் கைகொடுக்க அதற்கு மனமில்லை. இதனால் ஹைட்டி ஆட்சியாளர்களுக்கு மூன்று தலைவலிகள் இருந்தன.

1. படையெடுப்பு அச்சம். பிரான்ஸ் தன் உரிமையைக் கைவிடாதவரை எப்போது வேண்டுமானாலும் கப்பல்கள் வரலாம். அதற்காகப் பெரும் படையை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. வருவாயில் பெரும்பகுதியை அதுவே தின்றது.

2. நில உரிமை. பழைய வெள்ளைத் தோட்டக்காரர்களின் நிலங்கள் அரசிடமும் படைத் தளபதிகளிடமும் புதிய மேல்தட்டினரிடமும் இருந்தன. பழைய உரிமையாளர்கள் கோரிக்கையைக் கைவிடாதவரை அந்தப் பட்டாக்களுக்கு வெளியுலகில் மதிப்பில்லை. பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் மேல்தட்டுக்கு உவப்பாக இருந்ததற்கு இதுவும் காரணம்.

3. வணிகம். அங்கீகாரம் இல்லாத நாட்டுக்குத் தூதர் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. சரக்கு போகும், வரும். விலையைச் சொல்வது எதிர்த்தரப்பு.

பணம் தருகிறோம் என்ற பேச்சு முதலில் ஹைட்டியிலிருந்தே கிளம்பியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாடு வடக்கு, தெற்கு என்று பிளவுபட்டிருந்த 1814இல், தெற்கை ஆண்ட பெத்தியோன் இழப்பீடு பற்றிப் பிரெஞ்சுத் தூதரோடு பேசினார். வடக்கை ஆண்ட கிறிஸ்தோஃப் பேசவே மறுத்து, அங்கு வந்த பிரெஞ்சு ஒற்றரைப் பிடித்துச் சிறையில் போட்டார். அன்று பேசப்பட்டது 1825இன் தொகையில் ஒரு சிறு பங்குதான்.

அரசாணையின் மூன்று பிரிவுகள்

1825 ஜூலை 3இல் பிரெஞ்சு அரசரின் தூதர் பாரோன் மக்கோ, ஹைட்டித் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் துறைமுகத்துக்கு ஆணையோடு வந்தார். அவருக்குப் பின்னால் வந்து நின்றவற்றையும் சேர்த்து மொத்தம் 14 போர்க்கப்பல்கள், 500க்கும் மேற்பட்ட பீரங்கிகள். பேரம் பேச அவருக்கு அதிகாரம் இல்லை. ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் முற்றுகை. ஹைட்டி அதிபர் ழான்-பியேர் புவாயே ஜூலை 8இல் ஏற்றார். மூன்று நாளில் செனட் சபையும் ஒப்புதல் தந்தது.

ஆணை மிகச் சிறியது. மூன்றே பிரிவுகள்:

1. எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் துறைமுகங்கள் திறந்திருக்கும். சுங்கம் எல்லோருக்கும் ஒன்று. பிரெஞ்சுக் கொடியோடு வரும் கப்பலுக்கும் சரக்குக்கும் மட்டும் ஏற்றுமதி, இறக்குமதி இரண்டிலும் பாதிச் சுங்கம்.

2. பழைய குடியேறிகளுக்கு இழப்பீடாக 15 கோடி பிராங்க், பிரெஞ்சு அரசின் வைப்பு நிதியமான கேஸ் தெ தெபோவில் கட்டப்பட வேண்டும். ஐந்து சம தவணைகள், ஆண்டுக்கு ஒன்று. முதல் தவணை 1825 டிசம்பர் 31.

3. இந்த நிபந்தனைகளின் பேரில் அரசர் முழு விடுதலை அளிக்கிறார்.

எல்லோரும் இரண்டாம் பிரிவைப் பேசுவார்கள். முதல் பிரிவும் அதே அளவு நஞ்சு. ஹைட்டி அரசுக்கு நிலவரியோ வருமான வரியோ பெரிதாக இல்லை. பிழைப்பு முழுவதும் துறைமுகச் சுங்கத்தில். ஆண்டுக்கு 3 கோடி கேட்டுவிட்டு, அந்தப் பணம் வரக்கூடிய ஒரே வழியிலும் தனக்குப் பாதி தள்ளுபடி எடுத்துக்கொண்டது பிரான்ஸ்.

மூன்றாம் பிரிவில் இன்னொரு கண்ணி. இது இரு நாட்டு ஒப்பந்தம் அல்ல, அரசர் தாமாக இட்ட ஆணை. நிபந்தனையை மீறினால் விடுதலை செல்லாது என்று வாதிட இடம் இருந்தது. 1838 வரை இந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்கியது.

15 கோடி எங்கிருந்து வந்தது?

பிரெஞ்சுத் தரப்பு சொன்ன கணக்கு இது: 1823இல் ஹைட்டியின் ஏற்றுமதி 3 கோடி பிராங்க். அதில் பாதி உற்பத்திச் செலவு. மிச்சம் 1.5 கோடி நிகர வருவாய். காலனித் தோட்டத்தின் விலை அதன் பத்தாண்டு வருவாய். ஆக 15 கோடி.

தோட்டக்காரர்கள் இழந்தது 1789இன் சொத்து. விலை போட்டது 1823இன் ஏற்றுமதியை வைத்து. அதாவது, விடுதலை பெற்ற மக்கள் தங்களுக்காக உழைத்து விளைவித்ததே அவர்கள் கட்ட வேண்டிய தொகைக்கு அளவுகோலாயிற்று. 1826 ஏப்ரல் 30இல் பிரான்ஸ் இயற்றிய பங்கீட்டுச் சட்டம், ஒவ்வொரு உரிமையாளருக்கும் 1789 மதிப்பில் பத்தில் ஒரு பங்கு என்று வகுத்தது. அந்த 1789 மதிப்பில் நிலம், ஆலை, கட்டடம் மட்டுமா இருந்தன? தோட்டத்தோடு சேர்ந்த உடைமையாக எண்ணப்பட்ட அடிமைகளும் இருந்தார்கள். தங்கள் உடலுக்கே விலை கொடுத்தவர்கள் என்று ஹைட்டியர்களைச் சொல்வது வெறும் உணர்ச்சிப் பேச்சில்லை. பங்கீட்டுக் கணக்கே அப்படித்தான் எழுதப்பட்டது.

அளவு புரிய ஓர் ஒப்பீடு: 1803இல் பிரான்ஸ் லூசியானா நிலப்பரப்பு முழுவதையும் அமெரிக்காவுக்கு விற்றது. கடன் தள்ளுபடி உட்பட விலை 8 கோடி பிராங்க். இன்றைய அமெரிக்காவின் பதினைந்து மாநிலங்கள் முழுதாகவோ பகுதியாகவோ அந்த நிலத்தில் அடங்கும். தீவின் மூன்றில் ஒரு பங்கான ஹைட்டிக்கு ஏறத்தாழ அதைப் போல் இரு மடங்கு.

முதல் தவணையிலேயே முறிந்த கணக்கு

ஆண்டுத் தவணை 3 கோடி. ஹைட்டி அரசின் ஓராண்டு வருவாயைப் போல் அது பல மடங்கு. கையில் இல்லாத பணத்துக்கு ஒரே வழி கடன், அதுவும் பாரிஸில். ஒரு வங்கிக் குழு 3 கோடி பிராங்குக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. ஒரு பத்திரத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

- முகமதிப்பு 1,000 பிராங்க்.
- விற்பனை விலை 800. ஹைட்டிக்குக் கணக்கில் வந்தது இவ்வளவே.
- வட்டி 6 சதவீதம், ஆனால் 1,000க்கு. ஆண்டுக்கு 60 பிராங்க். கையில் வந்த 800க்குப் பார்த்தால் 7.5 சதவீதம்.
- 25 ஆண்டுகளுக்குள் திருப்ப வேண்டியது 1,000, 800 அல்ல.

நம் ஊர் வட்டிக்காரர் முன்வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியை எண்ணிக் கொடுத்து, முழுத் தொகைக்குப் புரோநோட்டு எழுதி வாங்குவாரே, அதே வேலை. இப்படி 30,000 பத்திரங்கள். ஹைட்டிக்குக் கிடைத்தது 2.4 கோடி. கருவூலத்தைத் துடைத்து 53 லட்சம் கப்பலில் அனுப்பினார்கள். கூட்டினால் 2.93 கோடி. முதல் தவணைக்கே 7 லட்சம் துண்டு விழுந்தது.

இரண்டாம் தவணை கட்டப்படவே இல்லை. ஆனால் இப்போது கடன் ஒன்றல்ல, இரண்டு: தோட்டக்காரர்களுக்கு மீதி 12 கோடி, பத்திரம் வாங்கியவர்களுக்கு 3 கோடியும் வட்டியும். வரலாற்று நூல்கள் இரட்டைக் கடன் என்று சொல்வது இதைத்தான். பத்திரக் கடனுக்கு முதல் ஆண்டு வட்டி மட்டும் 18 லட்சம். அசலை 25 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 12 லட்சம். சேர்த்தால் 30 லட்சம். இழப்பீட்டில் ஒரு காசு குறையாமலே இவ்வளவு.

1838: குறைத்தார்கள், நீட்டினார்கள்

1838 பிப்ரவரி 12இல் இரண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஒன்றில் பிரான்ஸ் நிபந்தனையில்லாமல் விடுதலையை ஏற்றது. மற்றதில் மீதி 12 கோடி 6 கோடியாகக் குறைந்தது. முதல் தவணையோடு சேர்த்து மொத்தம் 9 கோடி. 30 ஆண்டுத் தவணை இப்படி:

1. முதல் ஐந்தாண்டு, ஆண்டுக்கு 15 லட்சம்
2. அடுத்த ஐந்தாண்டு, 16 லட்சம்
3. அதற்கடுத்து 17 லட்சம்
4. 18 லட்சம்
5. 24 லட்சம்
6. கடைசி ஐந்தாண்டு, 30 லட்சம்

சுமை பின்னால் கூடுகிறது பாருங்கள். கையெழுத்திட்ட ஆட்சிக்கு மூச்சுவிட இடம். அடுத்து வருபவர் தலையில் பாறை. புவாயே 1843இல் கவிழ்ந்தார். முந்தைய ஆண்டின் நிலநடுக்கம் வடக்கு நகரமான காப்-ஹைட்டியனைத் தரைமட்டமாக்கியிருந்தது. 1844இல் தீவின் கிழக்குப் பகுதி, இன்றைய டொமினிக்கன் குடியரசு, பிரிந்துபோனது. அரசாணை பிரெஞ்சுப் பகுதியை மட்டுமே குறிப்பிட்டது. 1822 முதல் புவாயேயின் ஆட்சியில் இருந்த ஸ்பானியப் பகுதி மக்களிடமும் இந்தக் கடனுக்காகக் கைநீட்டியது பிரிவினைக்கு எண்ணெய் வார்த்தது. இழப்பீடு முழுதும் தீர 1880கள் ஆயின.

உண்மையில் கட்டியது யார்?

குடியானவர்கள். 1826இல் புவாயே இதைத் தேசியக் கடனாக அறிவித்தார். அதே ஆண்டு வந்த ஊரகச் சட்டம், பயிர்த்தொழிலாளர் தோட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியேறக் கூடாது என்றது. மலைப்பகுதிகளுக்குப் போய்த் தனக்கென்று சிறு நிலம் வைத்துக்கொண்டவர்களிடம் அந்தச் சட்டம் பெரிதாகச் செல்லுபடியாகவில்லை. ஆனால் காப்பி ஏற்றுமதி வரியிலிருந்து அவர்களும் தப்பவில்லை.

அது வேலை செய்த விதம்: வரியைத் துறைமுகத்தில் கட்டுபவர் ஏற்றுமதியாளர். உலகச் சந்தையில் விலையை ஏற்ற அவரால் முடியாது, பிரேசிலும் ஜாவாவும் போட்டிக்கு நிற்கின்றன. ஆகவே இடைத்தரகரிடம் வாங்கும் விலையைக் குறைப்பார். இடைத்தரகர் விவசாயியிடம் குறைப்பார். இதோடு நாணயச் சிக்கல் வேறு. அரசு அச்சடித்த கூர்து என்ற காகித நாணயம் மதிப்பிழந்துகொண்டே போனது, வெளிக்கடனோ பிராங்கில். கூர்து சரியச் சரிய, ஒரே பிராங்குக்கு அதிக மூட்டை காப்பி வேண்டியிருந்தது. இந்தப் பணம் சாலையாகவோ பள்ளியாகவோ திரும்பி வரவில்லை.

கடனை அடைக்கக் கடன்: 1875 முதல் 1947 வரை

இழப்பீடு முடியும் தறுவாயில் அடுத்த கட்டம் தொடங்கிவிட்டது.

1. 1875: பாரிஸின் க்ரெதி ஆந்துஸ்த்ரியேல் வங்கி வழியாகப் புதுக் கடன். தரகு, கட்டணம் என்று 40 சதவீதம் முன்னாலேயே பிடிக்கப்பட்டது. மீதியில் பெரும்பங்கு பழைய கடனுக்குப் போனது.

2. 1880–81: அதே வங்கி ஹைட்டியின் தேசிய வங்கியை நிறுவியது. பெயர்தான் தேசியம், தலைமையகம் பாரிஸ். அரசின் வரவையும் செலவையும் இந்த வங்கிதான் கையாண்டது, இரண்டுக்கும் தரகு எடுத்தது.

3. 1896இல் 5 கோடி பிராங்க், 1910இல் 6.5 கோடி பிராங்க் கடன்கள். 1911இல் காப்பி வரியாக வந்த ஒவ்வொரு 3 டாலரிலும் 2.53 டாலர் பிரெஞ்சு முதலீட்டாளர்களின் கடனுக்குப் போனது என்று 2022இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஆய்வு காட்டியது.

4. 1910இல் தேசிய வங்கி மாற்றியமைக்கப்பட்டபோது நியூயார்க்கின் நேஷனல் சிட்டி வங்கி பங்குதாரராக உள்ளே வந்தது. 1914 டிசம்பர் 17இல் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் போர்ட்-ஓ-பிரின்ஸில் இறங்கி, வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் பெறுமான தங்கத்தைக் கப்பலேற்றி நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். 1915 ஜூலையில் அமெரிக்கா நாட்டையே கைப்பற்றி 1934 வரை ஆண்டது.

5. 1922இல் நியூயார்க்கில் 1.6 கோடி டாலர் கடன் எழுப்பிப் பழைய பிரெஞ்சுக் கடன்களைத் தீர்த்தார்கள். கடன்காரர் மாறினார், கடன் மாறவில்லை. அது 1947இல்தான் அடைந்தது.

1825இன் கடன் 1947 வரை நீடித்தது என்று சிலர் எழுதுவதும், 1880களிலேயே முடிந்தது என்று சிலர் எழுதுவதும் இதனால்தான். இழப்பீடு முதலில் முடிந்தது. அதிலிருந்து கிளைத்த கடன் சங்கிலி பின்னால். 1875க்குப் பிந்தைய கடன்களில் ஹைட்டி ஆட்சியாளர்களின் ஊதாரித்தனத்துக்கும் திருட்டுக்கும் நல்ல பங்கு உண்டு என்பதால், முழுச் சங்கிலியையும் பத்தாம் சார்லஸ் தலையில் கட்டுவது எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் கழுத்தில் சுருக்கு இல்லாத அரசு அந்த வட்டிக்குக் கையெழுத்திட்டிருக்குமா என்ற கேள்வி நியாயமானது.

ஆறு தொகைகள், ஆறு கேள்விகள்

- 15 கோடி பிராங்க்: கேட்டது.
- 9 கோடி: 1838 குறைப்புக்குப் பின் இழப்பீடாக நின்றது.
- 11.2 கோடி: இழப்பீட்டோடு முதல் பாரிஸ் கடனுக்குப் போனதையும் சேர்த்து, 64 ஆண்டுகளில் உண்மையில் கட்டியதாக நியூயார்க் டைம்ஸ் ஆவணங்களிலிருந்து கூட்டிய தொகை.
- 56 கோடி டாலர்: அந்த 11.2 கோடி பிராங்கின் 2022 பணமதிப்பு. வட்டி இல்லை, இழந்த வளர்ச்சி இல்லை.
- 2,100 கோடி டாலர்: அந்தப் பணம் நாட்டிலேயே தங்கி, ஹைட்டியின் உண்மையான வளர்ச்சி வேகத்தில் பெருகியிருந்தால்.
- 11,500 கோடி டாலர்: அண்டை லத்தீன் அமெரிக்க நாடுகளின் வேகத்தில் ஹைட்டி வளர்ந்திருந்தால்.

தங்கத்தில் பார்க்க விரும்புவோருக்கு: அன்றைய ஒரு பிராங்க் 0.29 கிராம் சுத்தத் தங்கத்துக்குச் சமம். 9 கோடி பிராங்க் என்றால் ஏறத்தாழ 26 டன், அதாவது 32 லட்சம் பவுனுக்கு மேல். இன்றைய தங்க விலையைப் போட்டால் 56 கோடி டாலரைவிட மிகப் பெரிய தொகை வரும். எந்த அளவுகோல் என்று கேட்காமல் இந்த விவகாரத்தில் எந்தத் தொகையையும் ஒப்பக் கூடாது.

இன்னொரு குழப்பம். 2003 ஏப்ரல் 7இல், தூசான் இறந்த 200ஆம் ஆண்டு நாளில், அதிபர் அரிஸ்டீட் பிரான்ஸிடம் கேட்ட தொகை 2,168 கோடியே 51 லட்சத்து 35 ஆயிரத்து 571 டாலர் 48 சென்ட். இதுவும் 2,100 கோடிக்கு அருகில் இருப்பதால் இரண்டும் ஒன்றே என்று எழுதிவிடுகிறார்கள். அரிஸ்டீட் 9 கோடி பிராங்குக்கு வட்டி ஏற்றிக் கணக்கிட்டார். 2022இன் கணக்கு வளர்ச்சி வேகத்தை வைத்தது. விடை நெருங்கியது தற்செயல்.

திருப்பித் தருவதில் என்ன தடை?

அரிஸ்டீட் 2004 பிப்ரவரி 29இல் பதவியிழந்து நாட்டை விட்டு வெளியேறினார். அவருக்குப் பின் வந்த இடைக்கால அரசு கோரிக்கையைக் கைவிட்டது. 2010இல் நிலநடுக்கத்துக்குப் பின் பிரான்ஸ் தள்ளுபடி செய்த 5.6 கோடி யூரோ தற்காலத்து இருதரப்புக் கடன். 1825க்கும் அதற்கும் தொடர்பில்லை. 2015இல் பிரெஞ்சு அதிபர் ஒல்லாந்து, பிரான்ஸின் கரீபியத் தீவான குவாதலூப்பில் பேசியபோது ஹைட்டிக்கான கடனைத் தீர்ப்பேன் என்றார். அது அறக்கடன், பணக்கடன் அல்ல என்று அவரது அலுவலகம் உடனே விளக்கியது.

சட்டத்தில் மூன்று முட்டுக்கட்டைகள் உண்டு.

முதலாவது, காலம். படைபலத்தைக் காட்டி வாங்கிய ஒப்பந்தம் செல்லாது என்று 1969 வியன்னா உடன்படிக்கையின் 52ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதன் 4ஆம் பிரிவு, உடன்படிக்கை பின்னோக்கிப் பொருந்தாது என்கிறது. 1825இல் பீரங்கி முனையில் கையெழுத்து வாங்குவது அன்றைய ஐரோப்பியச் சட்டத்தில் வழக்கமான வேலை.

இரண்டாவது, 1838. அது முறையான இருநாட்டு ஒப்பந்தம். அரசாணையைத் தாக்கினாலும் பிரான்ஸ் இதைக் காட்டும். ஹைட்டி தரப்பின் பதில், வேரே கட்டாயம் என்றால் கிளைக்கு எங்கிருந்து சம்மதம் வரும் என்பது.

மூன்றாவது, பெற்றது யார் என்பது. இழப்பீடு தோட்டக்காரர் குடும்பங்களுக்கும் அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் போனது. பத்திர வட்டி முதலீட்டாளர்களுக்குப் போனது. அரசு வெறும் வழிதான் என்பார்கள். இந்த வாதம் நொண்டுகிறது: ஆணை அரசருடையது, கப்பல்கள் அரசுடையவை, பணம் வந்து சேர்ந்த கேஸ் தெ தெபோ 1816இல் தொடங்கி இன்றும் நடக்கும் பொதுத்துறை நிறுவனம்.

அடிமை முறையை 2001இல் மனித குலத்துக்கு எதிரான குற்றமாக அறிவித்த பிரெஞ்சுச் சட்டத்திலும் பண இழப்பீட்டுக்கு இடம் வைக்கப்படவில்லை. பிரான்ஸின் அச்சம் ஹைட்டியோடு நிற்பதில்லை. 1848இல் குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் அடிமை முறை ஒழிந்தபோது பிரெஞ்சு அரசே உரிமையாளர்களுக்கு இழப்பீடு தந்தது, விடுபட்டவர்களுக்கு ஒன்றுமில்லை. அந்தத் தோட்டங்களில் ஆள் குறைந்ததும் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றினார்கள். ஹைட்டிக்கு ஒரு யூரோ கொடுத்தாலும் அந்தத் தீவுகளின் கோரிக்கை அடுத்த நாள் மேசைக்கு வரும்.

2025 ஆணையத்துக்குப் பிரெஞ்சுத் தரப்பில் இவ் சான்-ழூரும் ஹைட்டித் தரப்பில் குஸ்தி-கிளாரா கயார்-பூர்ஷேயும் தலைவர்கள். ஆய்வு செய்வதும் பரிந்துரைப்பதும் அதன் வேலை. பணம் வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அறிக்கை வரும்போது பார்க்க வேண்டியது இதைத்தான்: கணக்கை 1825இன் இழப்பீட்டோடு நிறுத்துகிறார்களா, பாரிஸ் பத்திரங்களையும் 1880இன் தேசிய வங்கியையும் சேர்க்கிறார்களா என்பதை. முதலாவதானால் பேச்சு 9 கோடி பிராங்கைச் சுற்றியே நிற்கும். இரண்டாவதானால் பிரெஞ்சு அரசோடு, இன்றும் இயங்கும் வங்கிகளும் பதில் சொல்ல வேண்டிவரும்.